அம்மாவுக்கு பி12 குறைவு, முட்டைதான் வழியா? சைவ உணவும் உடல்நலமும்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. பரம்பரைச் சைவம். முட்டை போட்ட கேக் கூட எங்கள் வீட்டுக்குள் வராது. கொஞ்ச நாளாக இரண்டு பாதமும் மரத்துப் போகிறது, ராத்திரியில் எரிகிறது என்கிறார். போன வாரம் கடைத்தெருவில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது, அதனால் வந்ததாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இப்போது ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 148 என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 10.4.

ரிப்போர்ட் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. என் மாமா வடக்கே வேலைக்குப் போன இடத்தில் முட்டை பழகியவர். "தினம் ஒண்ணு சாப்பிடு அக்கா, மருந்துன்னு நினைச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். அம்மாவோ, "அதைத் தின்னுட்டு நடக்கறதுக்கு நடக்காமலே இருந்துட்டுப் போறேன்" என்று எழுந்து போய்விட்டார். நடுவில் நான்.

முட்டை இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? அதோடு ஒரு பெரிய கேள்வியும் இருக்கிறது. சைவம்தான் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தோம். அதில் எவ்வளவு உண்மை?

ஆய்வகத்தான் எழுதியது:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. எனவே எண்களைப் பற்றி மட்டும். 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்றுதான் பெரும்பாலான கூடங்களில் குறிப்போம். 200 முதல் 300 வரை இரண்டும்கெட்டான். 148 என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதே ரிப்போர்ட்டில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு. பி12 குறைந்தால் அணுக்கள் பெருத்து இது 100-ஐத் தாண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். நம் ஊரில் பல பேருக்கு அப்படி வராது. கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருக்கும். இரும்பு குறைந்தால் அணு சிறுத்துவிடும். ஒன்று பெருக்க, இன்னொன்று சிறுக்க, சராசரி 85, 88 என்று அழகாக வந்து நிற்கும். அதைப் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுவார்கள். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. சர்க்கரைக்கு அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மெட்ஃபார்மினா?

காவிரிக்கரை எழுதியது:

ஆமாம் சார், மெட்ஃபார்மின்தான். காலையும் இரவும், பல வருடமாக. நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் பான்டாபிரசோல். எம்சிவி 87 என்று போட்டிருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியேதான்.

கொல்லாநெறி எழுதியது:

நண்பரே, தாயாரை அந்தப் பாவத்துக்கு ஆளாக்காதீர்கள். என் பாட்டனார் 91 வயது வரை கண்ணாடி இல்லாமல் தேவாரம் படித்தார். அவருக்கு யார் பி12 பார்த்தார்கள்? காலையில் பழைய சோறு, நீராகாரம், மதியம் கீரை, இரவு பால். அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு எண்ணைக் காட்டி பயமுறுத்தி மாத்திரை விற்கிறார்கள். பழைய சோற்றில் பி12 உண்டு. அது போதாது என்றால் ஸ்பைருலினா இருக்கிறது. சுருள்பாசிதான், சுத்த சைவம். மாத்திரையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். வள்ளலார் வழியில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் நோயில்லாமல் வாழ்கின்றன!

மீன்குழம்பு_ரசிகன் எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து வணக்கம். பாட்டனார் 91 வரை இருந்தார், சரி. அவரோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் அந்த வயதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. 😀 நாலு சாளை மீனைப் பொரித்துச் சாப்பிட்டால் ஒரு நாளுக்குத் தேவையானதைப்போல பல மடங்கு பி12 வந்துவிடும். மனுஷன் கறி, மீன் சாப்பிடப் பிறந்தவன். சைவம் சாப்பிட்டால் ரத்தசோகை வரும், அவ்வளவுதான் விஷயம்.

மருந்துச்சீட்டு எழுதியது:

சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தச் சண்டையை வாரம் ஒருமுறையாவது என் மேசைக்கு எதிரே பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பி12-ஐச் செடியும் தயாரிப்பதில்லை, விலங்கும் தயாரிப்பதில்லை. பாக்டீரியா மட்டுமே தயாரிக்கும். ஆடு மாடுகளின் இரைப்பையில் உள்ள பாக்டீரியா செய்வதுதான் பாலிலும் கறியிலும் வருகிறது. கீரை, பருப்பு, பழம், தானியம் எதிலும் நம்பத்தகுந்த அளவு கிடையாது. முருங்கைக்கீரைக்கு ஆயிரம் பெருமை உண்டு, இந்தப் பெருமை மட்டும் கிடையாது.

கொல்லாநெறி ஐயா, ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. வடிவம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மனித உடம்பில் வேலை செய்யாது. பழைய சோறு வயிற்றுக்கு நல்ல உணவு, நானும் சாப்பிடுகிறேன். அதில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியாவை பி12-க்கு நம்பி உட்கார முடியாது.

இப்போது பால் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்னது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 0.4 முதல் 0.5 வரை இருக்கும். அரை லிட்டர் பாலோ தயிரோ உள்ளே போனால் கணக்கு நேராகும். அம்மா எவ்வளவு எடுக்கிறார் என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். இரண்டு வேளை டிகாக்‌ஷன் காபிக்கு ஊற்றும் பால், மோர் சாதத்துக்குக் கடைந்த நீர்மோர். எல்லாம் சேர்த்தால் பெரும்பாலும் 200 மில்லியைத் தாண்டாது. "பாலும் தயிரும் தாராளமாச் சாப்பிடறேன் டாக்டர்" என்று சொல்பவர்களிடம் நான் டம்ளரின் அளவைத்தான் கேட்பேன்.

மாமாவின் முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம். அதையும் நம் குடல் சரியாக உறிஞ்சாது. தினம் ஒரு முட்டை சாப்பிட்டால் 148 ஏறிவிடாது. அம்மா மனம் நொந்து சாப்பிட்டாலும் கால் மரத்துப் போவது அப்படியேதான் இருக்கும். அந்தச் சண்டையை இன்றே நிறுத்திவிடலாம்.

உணவில் இருக்கும் பி12-ஐ முதலில் இரைப்பை அமிலம் பிரித்தெடுக்க வேண்டும். பான்டாபிரசோல் அந்த அமிலத்தை அடக்குகிறது. பிறகு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய் அங்கே உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் கை வைப்பது அந்த இடத்தில். ஆக அம்மாவுக்கு வரவும் குறைவு, வழியில் இரண்டு சுங்கச்சாவடியும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து, கூடவே பி12 கொடுத்தால் போதும்.

காலில் மரத்தல், எரிச்சல் இருப்பதால் பெரும்பாலும் ஊசியில் ஆரம்பிப்போம். பிறகு மாத்திரை. 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்றதும் இவ்வளவு எதற்கு என்று பயப்படுவார்கள். அந்த வழி எதுவும் இல்லாமலே குடலில் தானாகக் கசிந்து உள்ளே போவது அதில் 1 சதவீதம்தான். 10 மைக்ரோகிராம் போனாலே தேவைக்கு மேல். விலையும் பெரிதில்லை. தாமதிக்க மட்டும் வேண்டாம். ரத்தசோகை சீக்கிரம் மாறிவிடும், நரம்பு அப்படியல்ல. சர்க்கரையாலும் இதே மரத்தல் வரும் என்பதால் இரண்டும் கலந்துகூட இருக்கலாம். உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். முட்டை பற்றி நீங்கள் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அரை மைக்ரோகிராமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. ஆனால் ஒரு சந்தேகம். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் இப்போது மட்டும் ஏன்?

மருந்துச்சீட்டு எழுதியது:

கல்லீரலில் சில மில்லிகிராம் பி12 சேர்ந்து இருக்கும். தினச் செலவு மைக்ரோகிராமில்தான் என்பதால் வரவே நின்றால்கூடக் காலியாக வருடங்கள் ஆகும். வயது ஏறும்போது இரைப்பை அமிலம் குறையும், மாத்திரைகள் சேரும். அதனால்தான் 55, 60-க்கு மேல் வெளியே தெரிகிறது.

இங்கே ஒரு பழைய கதை சொல்லலாம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு அணுக்கள் பெருத்த ரத்தசோகை வந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அன்றைக்கு ரத்தசோகைக்குப் புகழ்பெற்ற மருந்து கல்லீரல் சாறு. அதைக் கண்டவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. ஆனால் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தால் இந்தப் பெண்களுக்குக் கேட்கவில்லை. ஆக இது வேறொரு சத்து என்று தெரிந்தது. அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. கல்லீரலில் இருந்த சத்து பி12 என்று 1948-இல் தனியாகப் பிரித்தார்கள். ரத்த அணு இரண்டின் குறையிலும் ஒரே மாதிரி பெருக்கும். கீரையும் பருப்பும் சாப்பிடும் சைவர்களுக்கு ஃபோலேட், அதாவது அந்த ஃபோலிக் அமிலச் சத்து, ஓரளவு கிடைத்துவிடும். அது ரத்தத்தைச் சமாளித்துக் காட்டும், நரம்பு பின்னால் கெட்டுக்கொண்டே இருக்கும்.

மீன்குழம்பு_ரசிகன் எழுதியது:

அப்போ நான் சொன்னதுதானே சரி? அசைவம் சாப்பிட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

ஆய்வகத்தான் எழுதியது:

பி12 விஷயத்தில் பெரும்பாலும் சரி, மெட்ஃபார்மின் சாப்பிடும் அசைவர்களுக்கும் குறையத்தான் செய்கிறது. ஆனால் "சைவம் சாப்பிட்டால் ரத்தசோகை" என்று நீங்கள் போட்ட போட்டில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சைவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 2.35 சதவீதம். ராஜஸ்தானில் ஏறக்குறைய 75 சதவீதம். இப்போது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், ராஜஸ்தானில் 54.4. சைவம் மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டு எண்ணும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்குமா?

நம் ஊரில் அசைவர் என்று எழுதிக்கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி எடுத்து ஐந்து பேருக்குக் குழம்பு வைப்பவர். குழம்பு எல்லோருக்கும், துண்டு ஆம்பிளைகளுக்கு. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி முழுக்க, ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் என்று கழித்தால் மிச்சம் எத்தனை நாள்? வாரத்தில் ஆறு நாள் அவரும் சைவத் தட்டில்தான் சாப்பிடுகிறார். அதனால் இது 2 சதவீதம் பேரின் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம்.

மீன்குழம்பு_ரசிகன் எழுதியது:

கேரளாவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அண்ணே. அதே கணக்கெடுப்பில் 36.3. தினமும் மீன். 😎

ஆய்வகத்தான் எழுதியது:

அங்கே ஆஸ்பத்திரி, கழிப்பறை, பெண்கள் படிப்பு எல்லாமும் வேறு தம்பி. மீனுக்கும் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. மொத்தத்தையும் மீனுக்கே எழுதிவைக்காதீர்கள்.

யாழ்_ஸ்கார்பரோ எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறேன். வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் மரக்கறி, நான் இங்கே வந்த பிறகு பாலையும் விட்டு முழு வீகன் ஆகிவிட்டேன். ஆகவே இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற ஆள்.

சைவம் நல்லதா என்று காவிரிக்கரை கேட்டதற்குப் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் சபையினர் 73,000-க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. சைவர்களுக்கு மரண விகிதம் 12 சதவீதம் குறைவு. இங்கிலாந்தில் எபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வில் 48,000 பேரை 18 வருடம் பார்த்தார்கள். சைவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் 22 சதவீதம் குறைவு. ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் கூட. சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1000 பேருக்குப் பத்து வருடத்தில் இதய நோய் 10 பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் 3 பேருக்குக் கூடுகிறது. அதே ஆய்வின் 2020 அறிக்கையில் வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூட என்று வந்தது. அதைப் படித்த அன்றே நான் கல்சியம் போட்ட சோயாப் பாலுக்கு மாறிவிட்டேன். இங்கே கடைகளில் அதில் பி12-உம் வைட்டமின் டி-யும் சேர்த்தே விற்கிறார்கள்.

டொக்டர் மார்மைட் பற்றி எழுதியதும் சிரிப்பு வந்தது. இலங்கையில் காய்ச்சல் என்றால் மார்மைட் கரைத்துத் தருவார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அதில் பி12 என்று போட்டிருந்தால் அது பின்னால் சேர்த்தது, ஈஸ்டிலிருந்து வந்தது அல்ல. போத்தலின் பின்பக்கம் வாசித்து வாங்குங்கள்.

கொல்லாநெறி எழுதியது:

பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே சைவம் நல்லது என்று சொல்லிவிட்டான். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று அறிவித்தது. தூத்துக்குடித் தம்பி இதற்கு என்ன சொல்கிறார்?

மீன்குழம்பு_ரசிகன் எழுதியது:

பதப்படுத்திய இறைச்சி என்றால் சாசேஜ், பேக்கன் ஐயா. எங்கள் ஊரில் யார் தினமும் பேக்கன் சாப்பிடுகிறார்கள்? மீனுக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை.

சமையல்கட்டு எழுதியது:

ஆண்கள் கணக்குப் போட்டது போதும், கொஞ்சம் அடுப்படிக்கு வாருங்கள். அமெரிக்க அட்வெண்டிஸ்ட் சபையினர் சாப்பிடும் சைவமும் நம் சைவமும் ஒன்றா? அந்தச் சபையில் புகையும் குடியும் கிடையாது. தட்டில் கொட்டைகள், பயறு, முழுத் தானியம். நம் தட்டில் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். மூன்றும் சாதம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு பொரியல், அப்பளம். காலையில் இட்லி, ராத்திரி தோசை, அதுவும் அரிசி.

நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு பேருக்குச் சாம்பார் வைக்க 150 கிராம் துவரம்பருப்பு போடுகிறேன். அதில் 33 கிராம் புரதம். ஆளுக்கு 8. அதுவும் இரண்டு வேளைக்கு! 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வேண்டும் என்கிறார்கள். பால், தயிர் 300 மில்லி என்று வைத்தால் 10 கிராம். மீதி? அரிசிதான். இட்லி, சோறு எல்லாம் சேர்த்து 300 கிராம் அரிசி போனால் 20 கிராமுக்கு மேல் அதிலிருந்து வரும்.

இப்போது சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். பாதியாகக் குறைக்கிறோம். புரதமும் பத்து கிராம் போயிற்று. அந்த இடத்தில் என்ன வைத்தோம்? இரண்டு மேரி பிஸ்கட். காவிரிக்கரை தம்பி, உங்கள் அம்மா தட்டிலும் இதுதான் நடந்திருக்கும், பாருங்கள். அம்மா இளைத்திருக்கிறாரா?

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, நேரில் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு இட்லி, சட்னி. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் காபியோடு பிஸ்கட். நன்றாகவே இளைத்திருக்கிறார்.

சமையல்கட்டு எழுதியது:

அப்படியென்றால் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். நம் சமையலிலேயே இருக்கிறது, நாள் கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். சுண்டலை ஏன் நவராத்திரிக்கு மட்டும் பண்ண வேண்டும்? நாலு மணி பிஸ்கட்டுக்குப் பதில் அது. இட்லிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் அடை, பருப்பைத் தாராளமாகப் போட்டு. பீன்ஸ் பொரியலை பருப்பு உசிலியாகச் செய்தால் அதே கறிகாயில் புரதம் ஏறிவிடுகிறது. கொள்ளு ரசம், பச்சைப்பயறு தோசை, வேர்க்கடலைச் சட்னி. சோயா உருண்டை பிடித்தால் அதைவிட மலிவான புரதம் கிடையாது. 100 கிராமில் பாதி புரதம். எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, சாப்பிட்டு முடித்த கையோடு காபி. சாப்பாட்டில் இருக்கும் இரும்பை அந்தக் காபி உள்ளே போக விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். கீரையில் எலுமிச்சை பிழியுங்கள், இல்லை ஒரு நெல்லிக்காய். பயறை ஊறவைத்து முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாம் இரும்பை அவிழ்த்து விடுகிற வேலைதான்.

மருந்துச்சீட்டு எழுதியது:

சமையல்கட்டு அம்மா எழுதியதை அச்சடித்து என் மருத்துவமனையில் ஒட்டலாம் போலிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோயாளிகள் புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரண்டும்.

அரிசி விஷயத்தில் ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வில், தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சதை, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து கூடியிருந்தன. அந்தத் தானியம் பெரும்பாலும் வெள்ளை அரிசிதான். இந்தியா முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. இதில் சைவர், அசைவர் வித்தியாசம் அதிகம் இல்லை. பிரியாணியிலும் அரிசிதான் ஜாஸ்தி, கறி கம்மி. "சுத்த சைவம்" என்று பலகை போட்ட கடையில் நெய் மைசூர்பாகும் பூரியும்தான் முதலில் தீர்கின்றன. சைவம் என்பதால் இதயம் தப்பிக்காது.

சத்துணவுக்_கூடம் எழுதியது:

நான் பள்ளிச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறேன். இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் மையத்தில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறோம். முட்டையில் 6 கிராம் புரதம், பழத்தில் 1 கிராம்தான். பி12 பழத்தில் கிடையவே கிடையாது. சாப்பிடாத பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர்தான் என்றாலும், ஒரு டம்ளர் பாலோ கடலைமிட்டாயோ கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். பால் கெட்டுப்போகும், கணக்கு எழுதுவது கஷ்டம், எல்லாம் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

கொல்லாநெறி எழுதியது:

பால் கொடுக்கலாம் என்பதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் பள்ளியில் முட்டை கொடுப்பதே தவறு, பிஞ்சு வயதில் உயிர்க்கொலையைப் பழக்கி

நெறியாளர் எழுதியது:

கொல்லாநெறி அவர்களின் பதிவின் பிற்பகுதியை நீக்கியிருக்கிறேன். அறம், சமயம், சாதி எல்லாம் பேச வேறு இழைகள் இருக்கின்றன. அதற்கு வந்த மூன்று பதில்களையும் நீக்கிவிட்டேன். இங்கே உடல்நலம் மட்டும்.

ஐந்தாம்_மாதம் எழுதியது:

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிறந்ததிலிருந்து சைவம், பால் வாசனை இப்போது ஆகவே இல்லை. ஃபோலிக் ஆசிடும் இரும்பு மாத்திரையும் தருகிறார்கள். பி12 இதுவரை பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமா டாக்டர்?

மருந்துச்சீட்டு எழுதியது:

கேட்டது நல்லதம்மா. பார்த்துவிடுங்கள், அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளை வைத்து டாக்டர் யாஜ்னிக் குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார்களுக்கு பி12 குறைவு. பிறந்த பிள்ளைகளை ஆறு வயதில் பார்த்தபோது, எந்தத் தாய்க்கு ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்ததோ அந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகம் இருந்தது. இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிடை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் தண்டுவடத்துக்கு அது அவசியம். கூட பி12-உம் வேண்டும் என்பதுதான் விஷயம். தாய்க்குக் குறைவாக இருந்து தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்குச் சில மாதத்தில் கை கால் நடுக்கம், தோல் கறுத்தல், சிரிப்பை மறந்துபோதல் எல்லாம் வருவதைக் குழந்தை மருத்துவர்கள் நம் நாட்டில் இன்றும் பார்க்கிறார்கள். ஊசி போட்டால் தேறும், வராமல் தடுப்பது அதைவிட எளிது.

பால் வாசனை ஆகவில்லை என்றால் தயிர் போகிறதா பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மாத்திரைதான்.

யாழ்_ஸ்கார்பரோ எழுதியது:

தங்கச்சி, ஒமேகா-3 பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். ஆளிவிதை, வால்நட்டில் இருப்பது உடம்பில் டிஎச்ஏ என்ற, மீனில் இருக்கும் ஒமேகா-3 வகையாக மாறுவது மிகக் கொஞ்சம். மீனுக்கு அது கிடைப்பதே பாசியிலிருந்துதான். அந்தப் பாசி எண்ணெயே நேராகக் கிடைக்கிறது.

கொல்லாநெறி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம், யாரும் கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். மாத்திரை உறை ஜெலட்டின் என்கிறார்கள். ஜெலட்டின் மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. முட்டையைத் தவிர்க்க அதை விழுங்குவதா? பி12-ஐயும் கல்லீரலிலிருந்துதான் எடுக்கிறார்களோ?

ஆய்வகத்தான் எழுதியது:

கல்லீரலிலிருந்து எடுத்ததெல்லாம் அந்தக் காலம் ஐயா. இப்போது பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். உறை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கேப்ஸ்யூல் பெரும்பாலும் ஜெலட்டின்தான். "டேப்லெட்டாக இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள், நாக்குக்கு அடியில் வைப்பதும் உண்டு. செடி நார்ப்பொருளில் செய்த உறை என்றால் அட்டையில் எழுதியிருக்கும். சத்துமாத்திரையாக விற்பவற்றில் பச்சைப் புள்ளி பார்க்கலாம். வைட்டமின் டி3 வாங்கினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் பெரும்பாலும் ஆட்டு ரோம மெழுகிலிருந்து செய்கிறார்கள். ரோமம் வெட்டுவது கொலையில்லை, அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொல்லாநெறி எழுதியது:

நன்றி. ரோமம் பரவாயில்லை. எனக்கும் 58 ஆகிறது, ஒருமுறை பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன். வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

ஆய்வகத்தான் எழுதியது:

பி12-க்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் காலையில் சாப்பிடாமல் போங்கள். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் அது எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.